முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே மனு

எங்கள் புதுக்கோட்டையில் பிரகதாம்பாள் என்ற பெயருக்குப் பஞ்சமே கிடையாது. திருக்கோகர்ணத்து அம்மன் பெயர் அது. தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். ஆனால் 'மனு அக்கா' என்று கேட்டால் ஆட்டோக்காரர் நேரே என் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். என் கடை என்றால் செம்மல் ஜெராக்ஸ். ஒரு பெரிய அலுவலகத்துக்கு எதிரே இருக்கிறது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தினமும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது.

பதினாலு வருஷமாக அக்கா என் கடையின் முன்பக்கத்தில் ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு குடியிருக்கிறார். வயது ஐம்பத்து மூன்று. படிப்பு எட்டாம் வகுப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "அதுக்கும் ஒரு மனு எழுதணும்ல, நேரம் இல்ல" என்பார். தான் எழுதிய மனுவைத் திருப்பி அனுப்பும் அதிகாரி இன்னும் பிறக்கவில்லை என்றும் சொல்லிக்கொள்வார். நான் மறுத்துப் பேசியதில்லை. மறுத்தால் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே என் மானத்தை வாங்கிவிடுவார்.

அவர் வேலை செய்கிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவரிடம் ஒரு ஃபைல் இருந்தது. அதற்குத் 'தாய்மனு' என்று பெயர் வைத்திருந்தார். மேலே ஒரு பத்தி, கீழே ஒரு பத்தி. மேல் பத்தி, 'நான் மேற்கண்ட முகவரியில் கூலி வேலை செய்து மிகவும் ஏழ்மையான நிலையில் வசித்து வருகிறேன். இந்த உலகில் ஐயா அவர்களை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை' என்று ஆரம்பித்துப் பத்து வரி ஓடும். கீழ்ப் பத்தி, 'ஆகவே ஐயா அவர்கள் என் நிலையைக் கனிவுடன் பரிசீலித்து' என்று எடுத்து, 'என் குடும்பமே தங்களுக்கு என்றென்றும் நன்றிக்கடன் பட்டிருக்கும்' என்பதில் போய் நிற்கும். நடுவில் மூன்றே மூன்று வரிதான் வந்த ஆளுக்குச் சொந்தம். அந்த மூன்று வரிக்கும் கம்பி மனு, ரோடு மனு, பட்டா மனு, பென்ஷன் மனு என்று தனித்தனியாக அச்சு வைத்திருந்தார். பெயரையும் ஊரையும் மாற்றினால் மனு தயார்.

வருகிறவர் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் அக்காவின் வலது கை மேலே எழும். போதும், புரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கையைத் தாண்டி ஐந்தாவது வார்த்தை பேசியவரை நான் பார்த்ததில்லை. அச்சடித்ததும் மனுவை முழுக்கச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். தங்கள் கஷ்டம் இவ்வளவு அழகாக இருக்கிறதா என்று பல பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

போன ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை செவந்தி வந்தாள். கீரமங்கலத்துக்குத் தெற்கே உள்ள ஒரு சின்னக் குடியிருப்பைச் சேர்ந்தவள். முப்பத்தெட்டு வயது இருக்கும். பஸ்ஸில் நின்றே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"அக்கா, ஒரு கரண்டுக் கம்பி ரொம்பத் தாழத் தொங்குதுக்கா, அது வந்து..."

கை எழுந்தது. "கம்பியா? நீ சொல்லவே வேணாம். பேரு, ஊரு மட்டும் சொல்லு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கீரமங்கலம் பக்கத்திலிருந்து உடையப்பன் என்பவர் வந்து, தன் ஓட்டு வீட்டுக்கு மேலே கம்பி தொங்குகிறது என்று மனுப் போட்டிருந்தார். மனு வேலை செய்தது, கம்பியை இழுத்துக் கட்டிவிட்டார்கள். அந்த ஃபைலை அக்கா திறந்தார். உடையப்பனை அழித்தார், செவந்தியைப் போட்டார். படித்துக் காட்டும்போது, 'என் ஓட்டு வீட்டின் மேலே' என்ற இடத்தில் செவந்தியின் வாய் லேசாகத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. நான் அதைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மெஷினில் பேப்பர் மாட்டிக்கொண்டதால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். இன்றுவரை அதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

எட்டு நாளில் செவந்தியின் செல்போனுக்கு ஒரு செய்தி போனது. 'தங்கள் மனுவில் கோரிய பணி ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டதால் மனு முடித்து வைக்கப்படுகிறது.' கம்பி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் மறுபடி வந்தாள். மறுபடி அதே மனு, மறுபடி அதே செய்தி. ஐப்பசி மழை தொடங்க இன்னும் சில நாள்தான். காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் தாழ்ந்த கம்பி என்ன செய்யும் என்பது எங்கள் மாவட்டத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். புயலில் கம்பமே சாய்ந்து கிடந்ததைப் பார்த்த ஊர் இது.

செவந்தி மட்டும் என்றால் ஏதோ தவறு என்று விட்டிருக்கலாம். ஆனால் வரிசையாக ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். குடுமியான்மலைப் பக்கத்து விவசாயி ராக்கனுக்கு அக்கா ரோடு மனு எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்கு, 'தங்கள் ரேஷன் அட்டை அனுப்பி வைக்கப்பட்டுள்ளது' என்று பதில் வந்திருந்தது. அவர் செல்போனை அக்காவிடம் நீட்டிக் காட்டிவிட்டு ஒன்றுமே பேசாமல் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட அக்காவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"என் எழுத்துக்கு எவனோ செய்வினை வச்சுட்டான் செம்மலு" என்றார் அன்று. சிரிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

செய்வினை வைத்தது யார் என்பது ஒரு புதன்கிழமை தெரிந்தது. எதிர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் இன்ஜினியர் பிளெஸ்ஸி, ஏதோ ஐம்பது பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். ஆலங்குடிப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அக்காவின் மேசையில் கிடந்த மனுவை எட்டிப் பார்த்தவள், "அக்கா! நீங்கதானா அது?" என்று கூவிவிட்டாள்.

"எது?"

"ஆறு மாசமா மனுவெல்லாம் ஒரு மாடல் படிச்சுப் பிரிக்குதுக்கா. மொழி மாடல்னு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். ஒரே மனுவ ஒரே ஆளுங்க திரும்பத் திரும்பப் போட்டா, அதுவே சேத்துக் கட்டி, பழைய பதிலப் போட்டு மூடிரும். அதுல ஒரு கட்டு மட்டும் பெருசாகிக்கிட்டே போகுது. முன்னூத்திப் பன்னெண்டு மனு. யாரோ ஒரே ஆள் ஆபீஸோட வெளையாடுறாங்கன்னு நெனைச்சோம்."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "முன்னூத்திப் பன்னெண்டு பேரும் முன்னூத்திப் பன்னெண்டு ஊரு. பட்டா கேட்டவனும் பென்ஷன் கேட்டவளும் ஒண்ணா? அந்தக் கழுதைக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா?"

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். பிளெஸ்ஸி உட்கார்ந்தாள். அக்கா கோபமாகக் கேட்டாலும் அந்தக் கேள்விக்குள் நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசை இருந்ததை அவள் கண்டுபிடித்துவிட்டாள் போல. "படிக்கத் தெரியும்க்கா. ஆனா நம்மள மாதிரி இல்ல" என்றாள்.

ஒரு காகிதத்தில், 'வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினேன்' என்று எழுதி, நடு வார்த்தையைக் கட்டைவிரலால் மறைத்தாள். "இங்கிட்டு என்ன வார்த்தைன்னு அது ஊகிக்கும். மொதல்ல கண்டபடி உளறும். செருப்புங்கும், சித்தப்பாங்கும். ஒவ்வொரு தடவையும் சரியான வார்த்தைக்கும் அது சொன்னதுக்கும் எவ்வளவு தூரம்னு பாத்து, உள்ள இருக்கற எண்களைத் துளித்துளியாத் திருத்துவோம். இப்படிக் கோடிக்கணக்கான வாக்கியம். ஒரு கட்டத்துல தண்ணின்னு சரியாச் சொல்லும்."

"யாரும் அதுக்கு அர்த்தம் சொல்லிக் குடுக்கலையா?"

"இல்லக்கா. ஒரு வார்த்தை எந்த வார்த்தைகளோட பழகுதுன்னு பாத்துத்தான் கத்துக்குது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு எடம் குடுத்து வச்சிருக்கும். தண்ணி, வாய்க்கா, கம்மாய் எல்லாம் ஒரே தெருவுல இருக்கும். பட்டா, சிட்டா, சர்வே நம்பரு வேற தெரு. அந்த எடத்தச் சொல்லத்தான் எண்கள். எங்க மாடல்ல ஒரு எடத்துக்கு எழுநூத்தி அறுபத்தெட்டு எண்கள், ஒவ்வொண்ணும் ஒரு தெசையில எவ்வளவு தூரம்னு சொல்லும்."

"நமக்கு நாலு தெசைதான் இருக்கு. அதுக்கு எழுநூத்தி அறுபத்தெட்டு தெசையா?"

"ஆமாக்கா."

"ஒவ்வொண்ணும் என்ன தெசை?"

"அது எனக்கும் தெரியாது. யாரும் ஒவ்வொண்ணுக்கும் பேரு வைக்க முடியல."

அக்காவுக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. படித்த பெண் தனக்குத் தெரியாது என்று சொன்னதாலோ என்னவோ. "அப்ப இருக்குங்கறதும் இல்லைங்கறதும் தூரமா பக்கமா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். பிளெஸ்ஸி பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, 'பட்டா இருக்கிறது', 'பட்டா இல்லை' என்ற இரண்டையும் அடித்துப் பார்த்தாள். நூற்றுக்கு எண்பத்தொன்பது நெருக்கம் என்று வந்தது. இரண்டும் ஒரே மாதிரி இடங்களில் வருவதால் அதற்குக் கொஞ்சம் குழப்பம் உண்டு என்று விளக்கினாள்.

"எதிர்த்தாப்ல ஆபீஸுக்கு ஏத்த மெஷினுதான்" என்றார் அக்கா. "அங்க இருக்குன்னாலும் இல்லைன்னாலும் ஒண்ணுதான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிளெஸ்ஸி அந்த ஆபீஸ் சம்பளம் வாங்குவதால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அக்காதான் சிரிக்கவில்லை. காகிதத்தில் பிளெஸ்ஸியின் கட்டைவிரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறைச்சு வச்சு ஊகிக்கிறது" என்று மெதுவாகச் சொன்னார். "அது நான்தானே?"

பதினாலு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் நான் கேட்டிராத கதையை அப்போதுதான் சொன்னார். அக்காவின் அம்மா பஸ் ஸ்டாண்டில் வறுத்த கடலை விற்றவர். பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் கடையிலிருந்து தாள் வாங்குவார். எங்கோ ஒரு அலுவலகத்தில் கழித்துக் கட்டிய மனுக்கள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். ஒரு தாளை நாலாகக் கிழித்தால் நாலு பொட்டலம். பத்து வயதுப் பிரகதாம்பாளுக்கு மடிக்கிற வேலை.

"பாதி வரி இருக்கும், பாதி இருக்காது. 'கனிவுடன் பரிசீ'ன்னு கிழிஞ்சிருக்கும். மிச்சம் என்னவா இருக்கும்னு எனக்குள்ளயே சொல்லிப் பாப்பேன். ரெண்டு நாள் கழிச்சு வேற தாள்ல அதே வரி முழுசாக் கெடைக்கும். சரியாச் சொல்லியிருந்தா ஒரு கடலைய வாயில போட்டுக்குவேன். தப்பாச் சொல்லியிருந்தா தலையில ஒரு குட்டு. எங்க ஆத்தா, இந்தப் புள்ளைக்கு என்ன கிறுக்கான்னு பாக்கும்."

"எவ்வளவு நாள்க்கா?" என்று பிளெஸ்ஸி கேட்டாள். கண்கள் பெரிதாகியிருந்தன.

"அஞ்சு வருஷம். பதினஞ்சு வயசுல முழு மனு எழுதினேன். வில்லங்கச் சான்று வேணும்னு ஒருத்தருக்கு எழுதிக் குடுத்தேன். வில்லங்கம்னா என்னன்னு எனக்குத் தெரியாது, ஏதோ வியாதின்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். ஆனா எந்த எடத்துல போடணும், பக்கத்துல எந்த வார்த்தை நிக்கணும்னு அச்சாத் தெரியும். அந்த மனு பாஸாயிருச்சு."

பிளெஸ்ஸி அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கல்லூரியில் நாலு வருஷம் படித்ததை ஒரு கடலைக்காரம்மா மகள் இப்படி உடைத்து வைத்துவிட்டாளே என்று தோன்றியிருக்கும். நானோ இத்தனை வருஷம் அவரை வாயாடி என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

"சரி, நம்ம சாதிக்காரக் கழுத. இத ஏமாத்துறது எப்படி?" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். செவந்தியின் மனுவைத்தான் எடுத்தார். மற்றவர்கள் காத்திருக்கலாம், கம்பி காத்திருக்காது.

முதலில் வார்த்தைகளை மாற்றினார். 'ஏழ்மையான' என்பதை 'வறிய' என்று ஆக்கினார். 'ஐயா அவர்கள்' போய் 'மதிப்பிற்குரிய அதிகாரி' வந்தது. 'கம்பி' 'மின்சார ஒயர்' ஆனது. ஒரு சொல் விடாமல் புரட்டிப் போட்டுவிட்டு, "இப்பப் பாரு" என்றார். உடையப்பனின் பழைய மனுவோடு பிளெஸ்ஸி ஒப்பிட்டாள். முன்பு தொண்ணூற்று ஒன்பது. இப்போது தொண்ணூற்று ஏழு.

"சட்டைய மாத்தினாலும் ஆளக் கண்டுபிடிச்சிருதே!" அக்காவுக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது. "ஏழையும் வறியவனும் சொந்தக்காரன்னு அதுக்கு யாரு சொன்னா?"

"ரெண்டும் ஒரே தெருவுலதான்க்கா இருக்கு. மனு முழுசையும் சேத்து அது ஒரே ஒரு எடமா மாத்தும். உங்க மனுவுல இருவது வரி எல்லாருக்கும் பொது. மூணு வரிதான் வேற. அந்த மூணு வரி இழுக்கற இழுப்பு பத்தல. எல்லாரும் ஒரே எடத்துல போயி விழுந்துர்றாங்க."

அக்கா தாய்மனுவைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷத்து எழுத்து. அதிலிருந்து ஒரு வரி எடுப்பது என்றால் அவருக்கு விரலை எடுப்பது மாதிரி என்று எனக்குத் தெரியும். மேல் பத்தியை அழித்தார். கீழ்ப் பத்தியையும் அழித்தார். திரையில் மூன்று வரி நின்றது. வீட்டின் மேலே கம்பி, ஆபத்தான நிலை, சரிசெய்து தரவும்.

தொண்ணூற்று எட்டு.

"கூடிப்போச்சே!" என்றேன் நான்.

"இந்த மூணு வரியும் உடையப்பன் மனுவுலயும் அப்படியே இருக்கே அண்ணே" என்றாள் பிளெஸ்ஸி. "எத்தனைக்கு மேல ஒத்துப்போனா ஒரே மனுன்னு எடுத்துக்கணும்னு ஒரு வரம்பு இருக்கு, அந்த வரம்பை மாத்தச் சொல்லி நான் இன்னைக்கே மேல எழுதிர்றேன். ஆனா அதுக்கு அனுமதி வர மூணு வாரமாகும். அதுவரைக்கும் செவந்திக்கே சொந்தமா ஏதாவது வேணும்க்கா. அந்தக் கம்பியப் பத்தி அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சது. அவங்க வேற என்ன சொன்னாங்க?"

அக்கா யோசித்தார். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செவந்தி சொன்னது நாலு வார்த்தைதான். ஐந்தாவது வார்த்தைக்கு முன்னால் கை எழுந்துவிட்டது.

"நான் எங்க அவளச் சொல்ல விட்டேன்" என்றார்.

அன்று சாயங்காலமே போன் போட்டார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு செவந்தி வந்து சேர்ந்தாள். வானம் கறுத்திருந்தது. பிளெஸ்ஸியும் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தாள். அக்கா கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு தாயி. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்க. மொதல்லருந்து சொல்லு."

செவந்தி தயங்கினாள். "அதான் எழுதிட்டீங்களேக்கா."

"நான் எழுதினது கெடக்கட்டும். கம்பி ஒன் வீட்டு மேல எத்தனை அடியில தொங்குது?"

"எங்க வீட்டு மேல இல்லைங்கக்கா."

அக்கா அவள் பக்கமாகக் குனிந்தார்.

"எங்க ஊரு பால்வாடியில நான் ஆயாவா இருக்கேன். பதினெட்டுப் புள்ளைங்க. கை கழுவுற இரும்புக் குழாய்க்கு மேலதான் கம்பி தொங்குது. என் தலைக்கு மேல ரெண்டு மொழம் ஒசரம்தான் இருக்கும். காத்தடிச்சா குழாய்ப் பக்கம் சாயுது."

"அப்ப வீட்டு மேலன்னு நான் படிச்சப்ப ஏன் சொல்லல?"

"வீடுன்னு எழுதினாத்தான் ஆபீஸ்ல எடுத்துக்குவாங்க போலன்னு நெனைச்சேன். எழுதறவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"புள்ளைங்கள அந்தக் குழாய்க்கா விடுறீங்க?" என்று பிளெஸ்ஸி பதறினாள்.

"வேற குழாய் இல்லைங்க. நான் குழாயடியில நின்னுக்குவேன். ஒவ்வொருத்தரா வரச் சொல்லி, கையப் பிடிச்சுக் கழுவிவிட்டு, அங்கிட்டு அனுப்புவேன். கொஞ்சம் காத்து வந்தாலும் எல்லாத்தையும் உள்ள ஓட்டிருவேன். ஆனி மாசத்துலருந்து நான் லீவே போடல. காய்ச்சல் வந்தப்பக்கூடப் போனேன்."

அக்காவின் முகம் மாறியது. "இன்னைக்கு நீ இங்க இருக்கியே. அங்க யாரு நிக்கிறா?"

"யாரும் இல்லைங்கக்கா. டீச்சர்கிட்டச் சொல்லி, புள்ளைங்கள உள்ள வச்சுப் பூட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். இங்க வர்ற அன்னிக்கெல்லாம் அப்படித்தான். மதியத்துக்குள்ள போயிரணும்."

மூன்று தடவை அவளை வரவழைத்திருக்கிறோம். மூன்று நாள் பதினெட்டுப் பிள்ளைகளைப் பூட்டி வைக்க வைத்துவிட்டு, அதில் இரண்டு நாள் நன்றிக்கடனும் நாதியில்லையும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கீபோர்டை இழுத்தார். அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதினார். பதினெட்டுப் பிள்ளைகள், இரும்புக் குழாய், இரண்டு முழம், ஆனி மாதத்திலிருந்து லீவு இல்லை, இன்று பூட்டி வைத்திருக்கிறது. ஏழு வரி. மேலே ஐயா இல்லை, கீழே பணிவு இல்லை. படித்துக் காட்டியபோது செவந்தி கண்ணைத் துடைக்கவில்லை. "ஆமா, அதான்" என்று மட்டும் சொன்னாள்.

பிளெஸ்ஸி ஒப்பிட்டாள். உடையப்பன் மனுவோடு நாற்பத்து மூன்று. அந்தப் பெரிய கட்டுக்குள் இருந்த எந்த மனுவோடும் ஐம்பதைத் தாண்டவில்லை.

"தனியாப் போயி நிக்குதுக்கா" என்றாள். "பக்கத்துல ஒருத்தரும் இல்ல."

கடையிலிருந்தே இணையத்தில் மனுவை ஏற்றினோம். 'புதிய மனு, அவசரம்' என்று உடனே எண் வந்தது. பிளெஸ்ஸி ஒரு நகலை எடுத்துக்கொண்டு பிரிவு அதிகாரியிடம் நேரிலும் காட்ட ஓடினாள். நான் செவந்தியை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவளிடமிருந்து போன் வந்தது. பால்வாடி திறப்பதற்கு முன்பே லைன்மேன் இரண்டு பேர் வந்து, புதுக் கம்பம் நட்டுக் கம்பியைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்களாம். அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம் டீ சொல்லச் சொன்னார். அன்று இரவு மழை கொட்டித் தீர்த்தது. கம்பி மேலே போய்விட்டது என்ற நினைப்பில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் திங்கட்கிழமை பிளெஸ்ஸி ஒரு பட்டியலைக் கொண்டுவந்து தந்தாள். மூடப்பட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு மனுக்கள், பெயர், ஊர், செல்போன் எண்ணோடு. செவந்தி மனுவைக் காட்டியதில் மேலே அசைந்து கொடுத்திருக்கிறார்கள். "வரம்பை மாத்த அனுமதி குடுத்துட்டாங்கக்கா. இந்த வாரமே எல்லாத்தையும் மறுபடி தெறந்துருவோம். நீங்க கவலைப்படாதீங்க" என்றாள்.

அக்கா பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். "தெறந்து என்ன பண்ணப் போற? உள்ள இருக்கறது பூரா நான்தானே. அவங்க ஒருத்தரும் இல்லையே."

அக்கா தாய்மனு ஃபைலை அழிப்பார் என்று எதிர்பார்த்தேன். அழிக்கவில்லை. அது இன்னும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, திறப்பதுதான் இல்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு, போனைக் கையில் எடுத்தார். முதல் எண் ராக்கனுடையது. ஒன்றுமே பேசாமல் போனாரே, அந்த விவசாயி.

"ராக்கண்ணே, மனு எழுதுற பிரகதாம்பாள் பேசுறேன். வச்சுராதீங்க. அன்னிக்கு நீங்க ரோடுன்னு ஆரம்பிச்சீங்க, நான் பாதியில வெட்டிட்டேன். தப்பு என் மேலதான். இப்பச் சொல்லுங்க. ஒங்களுக்கு ரோடு எங்கிட்டுப் போடணும்?"

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார். ராக்கனின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"ரோடு போட்டாச்சும்மா. அதுதான் தொந்தரவே. வாய்க்கா மேல போட்டுட்டாங்க. ரெண்டு வருஷமா என் வயலுக்குத் தண்ணி வரல."

பிளெஸ்ஸி தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா பேனா மூடியைக் கழற்றினார். "சொல்லுங்கண்ணே, வாய்க்கா எங்கேருந்து வருது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ராக்கன் நிறையப் பேசினார். இருபது நிமிஷம் ஆனது, இன்னும் முந்நூற்றுப் பத்துப் பேர் பாக்கி இருந்தார்கள். அக்காவின் வலது கை எழுதிக்கொண்டே இருந்தது, ஒரு தடவையும் மேலே எழவில்லை.